ஒரு நாள் எடுக்கும், ஒரு நாள் எடுக்காது

ஸ்டார்ட் ஆகவே ஆகாத காரைப் பார்த்து எந்த மெக்கானிக்கும் பயப்படுவதில்லை. கோளாறு ஓடி ஒளியாமல் அங்கேயே இருக்கிறது. ஒவ்வொரு வயராகத் தேடிப் போனால் பிடித்துவிடலாம். அவரைத் திணறடிப்பது வேறு வகைக் கார். ஒன்பது முறை ஒழுங்காக எடுத்துக்கொண்டு, பத்தாவது முறை காந்தி மார்க்கெட் வாசலில் மூட்டை முடிச்சுகளோடு நிறுத்திவிடும். போன் போட்டு மெக்கானிக் வந்து சேர்வதற்குள் அதற்கே சரியாகிவிடும். சாவியைத் திருப்புவார், உடனே எடுக்கும். "நல்லாத்தானே சார் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார். அடுத்த வாரம் மாம்பழச்சாலையில் மறுபடியும் நிற்கும்.

திருச்சியும் ஸ்ரீரங்கமும் இத்தகைய கோளாறு வளர்வதற்கு ஏற்ற இடங்கள். முதல் காரணம் கார்களின் வயது. 15 ஆண்டு கடந்த பெட்ரோல் கார்களுக்கு ஒட்டுமொத்தத் தடை தமிழ்நாட்டில் இல்லை. மோட்டார் வாகனச் சட்டப்படி பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். மத்திய அரசு 2022 ஏப்ரலில் அந்தப் புதுப்பிப்புக் கட்டணத்தை 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்திய பிறகும் பழைய கார்கள் சாலையை விட்டு மறைந்துவிடவில்லை. மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றது, அம்பாசிடர் அதே ஆண்டு மே மாதத்தில் நின்றது. அவற்றில் ஆகக் கடைசியாக வந்த வண்டிக்கே இன்று பத்து வயதுக்கு மேல் ஆகிறது.

இரண்டாவது காரணம், பயன்படுத்தும் விதம். ஸ்ரீரங்கத்தின் உத்திர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் உறை போட்டு நிற்கும் கார்கள் பலவற்றின் உரிமையாளர்கள் ஓய்வுபெற்றவர்கள். பிள்ளைகள் வெளியூரில், வெளிநாட்டில். கார் வாரம் ஒரு முறை ஆஸ்பத்திரிக்கும் உறவினர் வீட்டுக்கும் போய்வரும், மற்ற நாட்களில் சும்மா நிற்கும். மூன்றாவது காரணம் தட்பவெப்பம். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் வெயில், ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. சூடும் ஈரமும் நெடுநாள் ஓய்வும் மாறி மாறி வரும்போது பழைய வயரிங்கின் பலவீனங்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும்.

இதைப் பற்றிச் சொல்ல வேண்டிய முதன்மையான செய்தி ஒன்றுண்டு. விட்டு விட்டு வரும் கோளாறை, அது வராத நேரத்தில் கண்டுபிடிக்க முடியாது. அது வரும் நேரத்தில் அங்கே இருப்பவர் ஓட்டுநர் மட்டுமே. ஆகவே நோயறிதலில் பாதி வேலை அவருடையது. பாகங்களை மாற்றுவதில் செலவாகும் பணத்தில் பெரும்பகுதி, அந்தப் பாதி வேலை நடக்காததால் செலவாகும் பணம்.

இரண்டு வேறு நோய்கள்

"ஸ்டார்ட் ஆகல" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு புகார்கள் இருக்கின்றன. சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றவே இல்லை என்பது ஒன்று. மெக்கானிக்குகள் இதைச் 'செல்ஃப் எடுக்கல' என்பார்கள். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் எஞ்சின் பிடிக்கவில்லை என்பது மற்றொன்று. முதலாவது பேட்டரி, கேபிள், செல்ஃப் மோட்டார் சம்பந்தப்பட்டது. இரண்டாவது கரண்ட், பெட்ரோல் சம்பந்தப்பட்டது. இரண்டுக்கும் பொதுவான பாகங்கள் மிகக் குறைவு. போனில் பேசும்போதே எது என்று தெளிவாகச் சொல்லிவிட்டால், தேட வேண்டிய இடம் பாதியாகச் சுருங்கிவிடும்.

சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912-ஆம் ஆண்டின் கேடிலாக் காரில் வந்தது. அதற்கு முன் ஹேண்டில் போட்டுச் சுற்றுவதுதான் வழி. அம்பாசிடரிலும் பத்மினியிலும் முன்பக்கம் ஹேண்டில் நுழைக்க இடம் இருந்ததைப் பழைய ஓட்டுநர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஹேண்டிலால் சுற்றி எஞ்சின் பிடித்துவிட்டால் கோளாறு செல்ஃப் பக்கம் என்று அப்போதே தெரிந்துவிடும். கியர் வண்டிகளில் தள்ளு ஸ்டார்ட்டும் அதே தகவலைத் தருகிறது. தள்ளினால் எடுக்கிறது என்றால் கரண்டும் பெட்ரோலும் சரி, சுற்றவைக்கும் ஏற்பாட்டில்தான் குறை.

செல்ஃப் எடுக்காதபோது

செல்ஃப் எடுக்கவில்லை என்றதும் பழி விழுவது பேட்டரியின் மீது. பல நேரம் அது நியாயமான பழிதான். திருச்சி வெயிலில் பேட்டரிக்கு ஆயுள் குறைவு, ஏனென்றால் சூடு கூடக் கூட உள்ளே நடக்கும் வேதியியல் சிதைவும் வேகமெடுக்கிறது. ஆனால் புதுப் பேட்டரி போட்ட பிறகும் அதே புகார் வருகிறது என்றால் அளந்து பார்க்க வேண்டும். இரவு முழுக்க ஓய்ந்திருந்த நல்ல பேட்டரி மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிச் சார்ஜ்தான் இருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரி தளர்ந்துவிட்டது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருந்தால் சார்ஜிங் சரி.

வாரம் ஒரு முறை எடுக்கும் காருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. மாருதி 800 போன்ற சிறிய காரின் பேட்டரி 35 ஆம்பியர்-மணி அளவிலானது. எல்லாம் அணைத்த பிறகும் கடிகாரம், கம்ப்யூட்டர் போன்றவை ஓரளவு மின்சாரம் இழுக்கும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் பாதகமில்லை. பின்னால் பொருத்திய ஸ்டீரியோ, ரிமோட் லாக், அணையாத டிக்கி விளக்கு, ஆல்டர்னேட்டரில் பழுதான டயோடு ஆகியவற்றில் ஒன்று 300 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர்-மணி போய்விடும். ஐந்தாம் நாள் பேட்டரி காலி. தினமும் ஓடும் காரில் இதே கசிவு இருந்தாலும் யாருக்கும் தெரியாது. ஒரே கார் ஒரு வாரம் எடுப்பதும் மறுவாரம் எடுக்காததும் எத்தனை நாள் நின்றது என்பதைப் பொறுத்தது என்பதை உரிமையாளர் கவனித்தாலே போதும், கசிவைத் தேட வேண்டும் என்று புரிந்துவிடும்.

பேட்டரி நன்றாக இருந்தும் செல்ஃப் 'டிக்' என்று ஒரே ஒரு சத்தத்தோடு நின்றுவிடும் கார்கள் ஏராளம். இங்கேதான் சிறிய டெஸ்ட் லைட் ஏமாற்றும். சிறிய பெட்ரோல் எஞ்சினைச் சுற்ற செல்ஃப் மோட்டார் ஏறக்குறைய 150 ஆம்பியர் இழுக்கும். பேட்டரி முனையில் பச்சை பூத்தோ, கேபிள் உள்ளுக்குள் அரித்தோ 0.02 ஓம் தடை உண்டாகிவிட்டால், அந்த 150 ஆம்பியர் ஓடும்போது 3 வோல்ட் அங்கேயே தொலைந்துபோகும். மோட்டாருக்குப் போய்ச் சேர்வதில் பலம் இருக்காது. அதே கேபிளில் 5 வாட் பல்பைப் போட்டால் அது அரை ஆம்பியர்கூட இழுப்பதில்லை. இழப்பு வோல்ட்டில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. பல்பு பளிச்சென்று எரியும், "கரண்ட் வருதே" என்று எல்லோரும் குழம்புவார்கள். செல்ஃப் அடித்துக்கொண்டிருக்கும்போதே பேட்டரி முனைக்கும் கேபிளின் மறுமுனைக்கும் இடையில் மீட்டர் வைத்துப் பார்ப்பதே சரியான சோதனை. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பாதையில் குறை.

எர்த் பக்கத்தைப் பலர் பார்ப்பதே இல்லை. எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது, ஆகவே அதற்கும் பாடிக்கும் இடையே தனியாக ஓர் எர்த் பட்டை உண்டு. அது அறுந்தோ துருவேறியோ போனால் மின்சாரம் வேறு வழி தேடும். ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகவும் சோக் கேபிள் வழியாகவும்கூடத் திரும்பிப் போகும். செல்ஃப் அடித்த பின் அந்தக் கேபிள்கள் சுடுகின்றனவா என்று தொட்டுப் பார்ப்பது பழைய எலெக்ட்ரீஷியன்களின் சோதனை. எஞ்சின் அசைவதற்கேற்ப அந்தத் தொடர்பு வந்து வந்து போகும், கோளாறும் அப்படியே.

அடுத்தது செல்ஃப் மோட்டாரேதான். சென்னை பாடியில் 1961-ல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் நிறுவனத்தின் ஸ்டார்ட்டர்களும் டைனமோக்களும் டிஸ்ட்ரிபியூட்டர்களும் இந்தியக் கார்கள் பலவற்றில் இருந்ததால், அவற்றைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகள் திருச்சியில் இன்னும் இருக்கின்றன. கார்பன் தேய்ந்திருந்தால் ஆர்மேச்சர் சில நிலைகளில் மட்டும் தொடர்பு பெறும். ஸ்பானரால் மோட்டாரை லேசாகத் தட்டினால் எடுக்கிறது என்றால் அது கார்பன் அல்லது சொலினாய்டின் செப்பு முனைகளின் வேலை. வேறொரு வகையும் உண்டு: மோட்டார் 'விர்ர்' என்று தனியாகச் சுற்றும், எஞ்சின் சுற்றாது. நான்கு சிலிண்டர் எஞ்சின் அணையும்போது பெரும்பாலும் அரைச் சுற்று இடைவெளியிலுள்ள இரண்டு நிலைகளில் ஒன்றில்தான் நிற்கும். அதனால் பிளைவீலின் பல்சக்கரம் அந்த இரண்டு இடங்களில் மட்டும் அதிகம் தேய்கிறது. கியரில் போட்டு வண்டியைக் கொஞ்சம் முன்னே தள்ளிய பிறகு எடுக்கிறது என்றால் சந்தேகம் அங்கே போக வேண்டும்.

இவை அனைத்தையும் கருவியே இல்லாமல் ஓரளவு பிரித்தறிய ஹெட்லைட் உதவும். அதைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினால், விளக்கு அடியோடு அணைந்துபோவது முனையில் லூஸ் கனெக்‌ஷன்; மிகவும் மங்குவது பேட்டரி இறக்கம் அல்லது மோட்டார் இறுக்கம்; துளியும் மங்காதது மோட்டாருக்கு மின்சாரமே போகவில்லை என்பதற்கு அடையாளம்.

செல்ஃப் அடித்தும் பிடிக்காதபோது

இந்த வகையில் வெயிலும் மழையும் இரண்டு வெவ்வேறு நோய்களைக் கொண்டுவருகின்றன.

கார்புரேட்டர் காலத்துக் கார்களில் கோடை நோய்க்கு ஏர் லாக் என்று பெயர். பெட்ரோல் ஒரே வெப்பநிலையில் கொதிக்கும் திரவம் கிடையாது. அதன் லேசான பகுதிகள் 35, 40 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். ஓடும்போது காற்றும் புதிதாக வரும் பெட்ரோலும் பைப்பைக் குளிர்விக்கின்றன. நிறுத்தியதும் அந்தக் குளிர்ச்சி போய்விடுகிறது, எஞ்சினின் சூடு மேலே ஏறுகிறது. அம்பாசிடரின் பெட்ரோல் எஞ்சினில் கார்புரேட்டரும் சைலன்சர் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில் இருப்பதால் அந்தச் சூடு நேராகவே தாக்கும். பைப்பிலும் பம்பிலும் ஆவி நிறைந்துவிட்டால் பெட்ரோல் ஏறாது. கார்புரேட்டரில் கொதித்து வழிந்தால் பிளக் நனைந்து பிடிக்காது. ஆகவே வீட்டிலிருந்து மார்க்கெட்டுக்கு ஒழுங்காகப் போகும் கார், இருபது நிமிடம் காய்கறி வாங்கித் திரும்பும்போது எடுக்காமல் அடம்பிடிக்கும். ஒரு மணி நேரம் கழித்துத் தானாக எடுக்கும். பம்பின் மீது ஈரத்துணியைப் போட்டவுடன் எடுத்தால் காரணம் உறுதி.

நெடுநாள் நிற்கும் காரில் நிலைமை வேறு. 'ஏசி பம்ப்' எனப்படும் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பின் வால்வு தளர்ந்தால் பைப்பிலிருந்த பெட்ரோல் டாங்க்குக்கே இறங்கிவிடும், காலையில் நீண்ட நேரம் செல்ஃப் அடித்தால்தான் மறுபடி ஏறும். 2025-ல் நாட்டின் பெட்ரோலில் எத்தனால் அளவு 20 சதவீதத்தை எட்டிய பின் பழைய கார்க்காரர்கள் ரப்பர் பாகங்களைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது. எத்தனால் பழைய வகை ரப்பரை உப்பவைக்கும், காற்றிலிருந்து ஈரத்தையும் உறிஞ்சும்.

பாய்ன்ட் வைத்த இக்னிஷன் அமைப்பில் கன்டென்சரும் காயிலும் சூட்டுக்குப் பணிந்துபோகும் பாகங்கள். குளிர்ந்த நிலையில் சோதித்தால் இரண்டும் நன்றாகவே இருக்கும். சூடேறி நின்றவுடன் பிளக்கைக் கழற்றி எர்த்தில் வைத்துப் பார்ப்பதுதான் சோதனை: நீலநிறப் பொறி தடித்து வந்தால் இக்னிஷன் சரி, மஞ்சளாக மெலிந்து வந்தாலோ வராமலே இருந்தாலோ காயில், கன்டென்சர், பாய்ன்ட் என்று போக வேண்டும். அப்போது பெட்ரோல் சிந்தியிருக்கக் கூடாது என்பதில் கவனம் தேவை.

மழைக்காலக் கோளாறு எதிர்த் திசையில் வரும். கார்த்திகை மாதத்துக் காலையில் எடுக்காத கார் வெயில் வந்த பின் எடுக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் மயிரிழை விரிசல் இருந்தால் ஈரம் அதன் வழியே மின்சாரத்தை எர்த்துக்கு இழுத்துவிடும். இருட்டில் பானெட்டைத் திறந்துவைத்து ஒருவர் செல்ஃப் அடிக்க, மற்றவர் பார்த்தால் பிளக் வயர்களின் மேல் நீலப் பொறிகள் ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

இன்ஜெக்‌ஷன் வந்த பிறகு பாய்ன்டும் கார்புரேட்டரும் ஒழிந்தன. சென்சரும் ரிலேயும் அந்த இடத்துக்கு வந்தன. எஞ்சின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சர் சூட்டில் உள்வயர் விட்டுப்போய், ஆறியதும் ஒட்டிக்கொள்ளும். டாங்க்குக்குள் இருக்கும் பம்ப் தேய்ந்தால் ஒரு நாள் சுற்றும், மறுநாள் சுற்றாது. சாவியை ஆன் செய்ததும் பின்சீட்டின் பக்கம் இரண்டு விநாடி கேட்கும் மெல்லிய ரீங்காரம் வருகிறதா என்று கவனிக்கும் பழக்கம் இதற்காகவே தேவை. 1990-களின் ஹோண்டா கார்களில் மெயின் ரிலேயின் சால்டரிங் விரிசல் விட்டு, வெயிலில் நின்ற கார் எடுக்காமல் போனது பல நாடுகளின் மெக்கானிக்குகளுக்கும் தெரிந்த கதை. மாருதியின் ஐகேட்ஸ் போன்ற திருட்டுத் தடுப்பு ஏற்பாடு உள்ள கார்களில் சாவிக்குள் இருக்கும் சிப்பைக் கம்ப்யூட்டர் படிக்காவிட்டால் பெட்ரோல் போகாது. டேஷ்போர்டில் சாவிப்படம் மின்னுகிறதா என்று பார்த்து, இன்னொரு சாவியை முயன்றால் விடை கிடைக்கும்.

ஸ்கேனர் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்ற நம்பிக்கை பழைய கார்களுக்குப் பொருந்தாது. கார் தன் கோளாறைத் தானே பதிவுசெய்ய வேண்டும் என்ற ஓபிடி விதி இந்தியாவில் 2010-லும் அதன் இரண்டாம் கட்டம் 2013-லும்தான் கட்டாயமாயின. அதற்கு முந்தைய கார்கள் பலவற்றில் அந்தந்த நிறுவனத்தின் தனிக் கருவிதான் பேசும். பேசினாலும், நொடி நேரம் விட்டுப்போன ஒரு தொடர்பை அது பதிவு செய்திருக்கும் என்று சொல்ல முடியாது.

ஃபோர்டு வழக்கு சொல்வது

இந்தக் கோளாறு எவ்வளவு பெரிய நிறுவனத்தையும் சிக்கவைக்கும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் இருக்கிறது. 1980-களிலும் 90-களிலும் ஃபோர்டு தன் கார்கள் பலவற்றில் டிஎஃப்ஐ எனப்படும் இக்னிஷன் மாட்யூலை டிஸ்ட்ரிபியூட்டரின் மீதே பொருத்தியது, எஞ்சினின் சூடு நேராக ஏறும் இடத்தில். சூடேறினால் கார் ஓட்டத்திலேயே அணையும். ஆறினால் ஒன்றும் நடக்காததுபோல எடுக்கும். 2000 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் அலமேடா கவுண்டி நீதிபதி ஒருவர், நிறுவனம் இந்தக் குறையை மறைத்தது என்று முடிவுசெய்தார். மறுஆண்டு ஃபோர்டு சமரசத்துக்கு வந்தது. 'பணிமனையில் சரியாகத்தானே இருக்கிறது' என்ற பதில் ஓட்டுநரின் புகாரைப் பொய்யாக்கிவிடாது என்பதை இதைவிட உரக்கச் சொல்லும் சம்பவம் குறைவு.

பிடிக்கும் வழி

முதல் கருவி ஒரு சின்ன நோட்டு. கார் எடுக்காத ஒவ்வொரு முறையும் நேரம், எஞ்சின் சூடா ஆறியதா, மழையா வெயிலா, எத்தனை நாள் நின்றது, டாங்க்கில் எவ்வளவு பெட்ரோல், என்ன சத்தம் கேட்டது, கடைசியில் என்ன செய்ததும் எடுத்தது என்று எழுதிவைக்க வேண்டும். நான்கைந்து பதிவுகளிலேயே ஓர் ஒழுங்கு தெரியத் தொடங்கும். காலையில் மட்டும் என்றால் ஒரு பாதை, ஓடி நின்ற பின் என்றால் வேறு பாதை.

இரண்டாவது, கோளாறு வரும்போது தானே சாட்சி சொல்லும்படி காரில் பல்பு கட்டிவைப்பது. சொலினாய்டின் சிறிய முனையிலிருந்து ஃபியூஸோடு ஒரு வயர் இழுத்து டேஷ்போர்டு அருகே ஒரு சிறிய 12 வோல்ட் பல்பில் முடிக்கலாம். எடுக்காத வேளையில் சாவியைத் திருப்பும்போது பல்பு எரிந்தால் சாவி சுவிட்சும் ரிலேயும் தப்பித்தன. தேட வேண்டியது சொலினாய்டு, மோட்டார், பெரிய கேபிள்கள். எரியாவிட்டால் நேர் எதிர். இக்னிஷன் காயிலுக்கு ஒன்று, மின்சாரப் பெட்ரோல் பம்புக்கு ஒன்று என்று இன்னும் இரண்டு பல்பு சேர்த்தால் காரின் மூன்று முக்கியப் பாதைகளில் எது விட்டுப்போனது என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். செலவு சில நூறு ரூபாய்க்குள் அடங்கும்.

மூன்றாவது வழி, கோளாறை வரவழைப்பது. சந்தேகமான மாட்யூலையும் சென்சரையும் ஹேர் டிரையரால் சூடாக்கலாம், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் தண்ணீரை நுண்துளிகளாகத் தெளிக்கலாம், வயரிங் கட்டைக் கையால் அசைத்தபடி இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லலாம். பணிமனையிலேயே கோளாறு ஒரு முறை வந்துவிட்டால் பாதி வெற்றி.

இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும். அந்த நேரத்துக்குக் கூலி கொடுக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை என்பதுதான் உண்மையான தடை. பாகம் மாற்றினால் பாகத்தின் விலையும் மாற்றுக்கூலியும் கிடைக்கும். இரண்டு மணி நேரம் மீட்டரோடு உட்கார்ந்து, ஒரு எர்த் போல்ட்டைச் சுரண்டி முறுக்கினால் "இதுக்கா இவ்வளவு" என்ற கேள்விதான் கிடைக்கும். அதனால் பேட்டரி, செல்ஃப், காயில், பம்ப் என்று வரிசையாக மாறுகின்றன. டேஷ்போர்டுக்குக் கீழே தனியாக ஒரு புஷ் பட்டன் பொருத்தி அனுப்புவதும் நடக்கிறது. சாவி சுவிட்ச்தான் குற்றவாளி என்றால் அது தீர்வு, இல்லையென்றால் வெறும் தள்ளிப்போடல். கண்டுபிடிக்கும் வேலைக்கென்று மணிக்கணக்கில் ஒரு கூலியை முன்கூட்டியே பேசி ஒப்புக்கொள்வது உரிமையாளருக்கும் மெக்கானிக்குக்கும் நியாயமாக இருக்கும், மொத்தச் செலவும் பெரும்பாலும் குறையும்.

ஒரு பாகத்தை மாற்றிய பின் கோளாறு தீர்ந்ததா என்று முடிவுகட்டுவதற்கும் கணக்கு உண்டு. பத்துக்கு ஒரு முறை எடுக்காத கார் என்று வைத்துக்கொண்டால், எந்தப் பழுதும் பார்க்காமலே அது தொடர்ந்து பத்து முறை எடுப்பதற்கு 35 சதவீத வாய்ப்பு இருக்கிறது. ஆகவே பத்து முறை எடுத்ததை வைத்து 'சரியாகிவிட்டது' என்று சொல்வதில் பொருளில்லை. தொடர்ந்து முப்பது முறை எடுத்தால் அது தற்செயலாக நடந்திருக்கும் வாய்ப்பு 4 சதவீதத்துக்கு வந்துவிடும், அப்போது நம்பலாம். தினமும் தில்லைநகருக்குப் போய்வருபவருக்கு முப்பது ஸ்டார்ட் பதினைந்து நாளில் முடிந்துவிடும். வாரம் ஒரு முறை மட்டும் எடுக்கும் ஸ்ரீரங்கத்துப் பெரியவருக்கு ஏறக்குறைய நான்கு மாதம் ஆகும். அவர் அந்த நான்கு மாதமும் நோட்டில் குறித்துக்கொண்டே வருவதும், கழற்றிய பழைய பாகத்தைப் பழைய இரும்புக்குப் போடாமல் தேதி எழுதி டிக்கியில் வைத்திருப்பதும் நல்லது. கோளாறு மீண்டும் வந்தால் அந்தப் பாகத்தில் குறையில்லை என்பது தெளிவாகும். அதையே திரும்பப் போட்டுக்கொண்டு அடுத்த இடத்தில் தேடலாம்.